வாசுகி போட்ட புதிர்

தனக்கோடிக்கு அந்தப் பீங்கான் கம்பெனியில் காதுக்காரர் என்று பெயர். சும்மா கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை. சூளையிலிருந்து வெந்து வருகிற பியூஸ் கேரியரை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையிலிருக்கும் சின்ன இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டுவார். 'ணிங்' என்று கேட்டால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே கீறல். கண்ணுக்குத் தெரியாத, தலைமுடி மாதிரியான கீறல். அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஏழெட்டு சத்தம் இருக்கிறது என்றும், நாளைக்கு உடையப் போகிறதா அடுத்த வருசம் உடையப் போகிறதா என்றுகூட சொல்லிவிடலாம் என்றும் அவர் சொல்வதுண்டு. மிகைப்படுத்துகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் இருபத்தி மூன்று வருசத்தில் அவர் தட்டி அனுப்பிய சரக்கில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பியூஸ் கேரியர் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். கரண்டு போனால் மீட்டர் பெட்டியைத் திறந்து கையால் பிடித்து இழுக்கிறோமே, அந்த வெள்ளைப் பீங்கான். அது கையோடு உடைந்து வந்தால் விரல் நேராகக் கரண்டில்தான் போய் விழும். அதனால்தான் தட்டிப் பார்க்கிற வேலைக்கு அவ்வளவு மரியாதை.

அந்தக் காது போய்விட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் வீட்டில் குக்கர் விசில் எட்டத்தில் கேட்டது. பிறகு காலையில் கத்துகிற குருவிகள் எங்கே போயின என்று யோசித்தார். போன வருசம் ஆடி மாசம் ஒரு நாள் கம்பியால் தட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. திரும்பத் தட்டினார். விரலில் அதிர்வு தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. ஆள் பேசுவது கேட்டது. எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகவே கேட்டது. லாரி ஹாரன் கேட்டது. 'ணிங்'கானாலும் 'டொக்'கானாலும், கம்பி தட்டுகிற அந்த மெல்லிய மேல் சத்தம் மட்டும் யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போனதுபோல் இல்லாமல் போயிருந்தது. ஐம்பத்தாறு வயசு. கடலூருக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். நரம்பு தளர்ந்துவிட்டது, இனி திரும்பாது, மெஷின் வைத்தாலும் பேச்சுக்குத்தான் உதவும் என்று அவர் சொல்லிவிட்டார். பெண்டாட்டி செல்வநாயகியிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. தையல் மெஷினுக்கு பெல்ட் வாங்கப் போனதாகச் சொன்னார்.

பிறகு எப்படி வேலை செய்தார் என்று கேட்பீர்கள். வாசுகியின் கையால்தான்.

வாசுகி அவருக்கு எதிரே அதே மேஜையில் பதினோரு வருசமாக உட்கார்ந்து சரக்கை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிறவள். நாற்பத்தி நாலு வயசு. அவர் தட்டியதும் சத்தம் நன்றாக இருந்தால் அவள் கை தானாக நீளும், வாங்கிக்கொள்ள. சத்தம் சரியில்லை என்றால் கை மடியிலேயே கிடக்கும். அவர் ஒதுக்கப் போகிறார் என்று தெரியுமே, எதற்கு நீட்ட வேண்டும்? பதினோரு வருசப் பழக்கம். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது என்று தனக்கோடி நினைத்தார். அவர் அதைக் கவனித்தது ஆடி மாசம்தான். தட்டுவார், கையைப் பார்ப்பார். கை வந்தால் கொடுப்பார், வராவிட்டால் கழிவுக் கூடையில் போடுவார். பத்து மாசமாக அவர் காது வாசுகியின் கையில்தான் இருந்தது. திருட்டுதான். மனசு அறுத்தது. ஆனாலும் நாள் ஓடியது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், சம்பளம் போய்விடும் என்ற பயம் மட்டும் இல்லை. மகன் திருப்பூரில் நன்றாகத்தான் இருக்கிறான், கஞ்சிக்குக் குறைவில்லை. அவருக்குப் பயமெல்லாம் ஒரு மணி சாப்பாட்டைப் பற்றி. வீட்டில் செல்வநாயகி அதிகம் பேசாதவள். தெருவில் பழக்கம் இல்லை. ஒரு மணிக்கு மெஷினெல்லாம் நின்று, புங்கமரத்து நிழலில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் கிண்டலில் வாருகிற அந்த முக்கால் மணி நேரம்தான் அவருக்கு அன்றன்றைய நாள். காது போன ஆள் என்று தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் யார் அவரை வாருவார்கள்? பரிதாபப்படுவார்கள். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வாசுகி வரவில்லை. சேத்தியாத்தோப்பில் மகளுக்கு வளைகாப்பு. முடித்து மகளைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவரப் போயிருந்தாள். அன்றைக்கு மேஜைக்கு எதிரே பீங்கானைப் பளபளப்புப் பூச்சில் முக்குகிற கிளேஸ் பிரிவிலிருந்து ஒரு புதுப்பெண்ணை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு 'ணிங்'கும் தெரியாது 'டொக்'கும் தெரியாது. தனக்கோடி தட்டினார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். நகத்தால் தடவினார். பல்லில்கூட வைத்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. லீவு போட்டிருக்கலாம், வயிற்று வலி என்று எழுந்து போயிருக்கலாம். செய்யவில்லை. குத்துமதிப்பாகக் கழித்து மீதியைக் கொடுத்தார். பதினெட்டுப் பெட்டி நிரம்பியது. டேப் ஒட்டி, அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒட்டி, குடோனில் ஏறிவிட்டது.

அந்தப் பதினெட்டுப் பெட்டியும் வெள்ளிக்கிழமை நாலு மணி லாரிக்குப் போகிறது. வாசுகிக்கும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். மகள் வயிற்றில் இரட்டைப் பிள்ளை, மூணு மாசம் லீவு சொல்லியிருந்தாள். மூன்று நாளாக அவர் தூங்கவில்லை. வாய் திறந்து சொல்லவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி.

புங்கமரத்தடியில் வழக்கமான நாலு பேர். தனக்கோடி, வாசுகி, சூளைக்காரர் காத்தவராயன், அப்புறம் பாரி. பாரிக்கு இருபத்தொன்பது வயசு, கிளேஸ் முக்குகிறவன், முழங்கை வரை எப்போதும் வெள்ளை பூசிக்கொண்டு திரிவான். இந்தப் புதிர் ஆட்டத்தை ஆரம்பித்ததே அவன்தான். ஒருத்தர் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், பாதிக் கதையாக. மற்றவர்கள் கேள்வி கேட்டு மீதியைக் கண்டுபிடிக்க வேண்டும். புதிர் போட்டவர் ஆமா, இல்ல, தேவையில்ல என்ற மூன்றைத் தவிர வேறு பேசக் கூடாது. கண்டுபிடித்துவிட்டால் புதிர் போட்டவர் எல்லாருடைய டிபன் டப்பாவையும் கழுவ வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் இருப்பதிலேயே மட்டமான கேள்வி கேட்டவர் கழுவ வேண்டும். எட்டு மாசமாகப் பெரும்பாலும் தனக்கோடிதான் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெண்ணாடம் ரோட்டுல ஒரு ஆளு பைக்ல போறாரு," என்று பாரி ஆரம்பித்தான். "முன்னால கரும்பு டிராக்டர் ஆமை வேகத்துல போவுது. ரோடு காலி. முந்திப் போவ எடமிருக்குது. ஆனா நாலு கிலோமீட்டர் அது பின்னாலயே போறாரு. ஒரு கரும்பும் உருவல. ஏன்?"

"குடிச்சிருந்தானா?" என்றார் காத்தவராயன். எந்தப் புதிருக்கும் அவருடைய முதல் கேள்வி அதுதான்.

"தேவையில்ல."

"அதெப்பிடிடா தேவையில்லாம போவும்? குடிச்சவன்தான்டா டிராக்டருக்குப் பின்னால போவான். எங்க மச்சான் பொணத்து வண்டி பின்னாலயே போயி சுடுகாட்டுல எறங்கனவன்."

"கேள்வி கேளு பெரிப்பா, குடும்ப மானத்த வாங்காத."

"டிராக்டர்ல அவரு பொண்டாட்டி இருந்தாங்களா?" என்று வாசுகி கேட்டாள்.

"இல்ல."

தனக்கோடி யோசித்துக் கேட்டார். "கரும்பு நெழலு விழும்ல, வெயிலுக்கு எதமா அதுல போனாரா?"

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு காத்தவராயன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்ததில் அவர் டப்பா மூடியிலிருந்த அப்பளம் மண்ணில் விழுந்தது. "யோவ் கோடி! நெழலுக்காக நாலு கிலோமீட்டரா! ஒன்ன எந்த நேரத்துலய்யா பெத்தாங்க!"

"மாமா, எல்லா டப்பாவும் ஒனக்குத்தான். நல்லா தேச்சிக் கழுவு, நேத்து எங்க டப்பாவுல சாம்பார் வாசன போவல," என்றான் பாரி.

தனக்கோடி தலையைச் சொறிந்தபடி சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. இவர்கள் வாய்க்கு இரையாக இருப்பதுபோல் சுகம் வேறு இல்லை என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

காத்தவராயனே கடைசியில் பிடித்துவிட்டார். வண்டியில் பெட்ரோல் தீர்ந்து, டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் போகிறார்கள். "எனுக்கே ரெண்டு தடவ நடந்திருக்குதுடா," என்றார் மீசையைத் தடவிக்கொண்டு. கழுவுகிற வேலை பாரிக்கு என்று முடிவானது.

அப்போதுதான் வாசுகி சொன்னாள். "இன்னிக்கி நானும் ஒண்ணு போடறேன். நாளையிலேர்ந்துதான் வர மாட்டேனே."

அவள் இதுவரை புதிர் போட்டதே இல்லை. பாரி விசிலடித்தான். "அக்கா, நீ மட்டும் தோத்தின்னா என் பங்கு டப்பாவையும் நீதான் கழுவணும்."

"சரி." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "ஒரு தேங்காக் கடக்காரரு. ஒவ்வொரு தேங்காயா தட்டிப் பாத்துதான் குடுப்பாரு. ரொம்ப வருசமா அவரு கடத் தேங்கா அழுவலுன்னு யாரும் வந்து நின்னதில்ல. பொண்டாட்டி எதுக்கால சும்மா ஒக்காந்திருப்பா. அவ தட்ட மாட்டா, வாயத் தொறக்க மாட்டா. ஒரு நாளு அவ ஊருக்குப் போயிட்டா. அன்னிக்கி குடுத்த தேங்காயில பல தேங்கா அழுவலு. ஏன்?"

 தனக்கோடி கையிலிருந்த உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் டப்பாவிலேயே போட்டார். அவருக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே விளங்கிவிட்டது. எட்டு மாசத்தில் அவர் உடனே கண்டுபிடித்த ஒரே புதிர் அதுதான்.

"குடிச்சிருந்தானா?"

"இல்ல," என்றாள் வாசுகி.

"இந்தாளு நல்லவன்போல இருக்குது," என்று காத்தவராயன் ஒதுங்கிக்கொண்டார்.

பாரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அன்னிக்கும் தட்டிப் பாத்துதான் குடுத்தாரா?"

"ஆமா."

"வேணும்னே அழுவல் குடுத்தாரா?"

"இல்ல."

"பொண்டாட்டி மேல இருந்த கோவத்துல?"

"இல்ல."

"வேற தோப்புத் தேங்காயா?" இது காத்தவராயன்.

"இல்ல. அதே தோப்பு."

"அப்ப அந்தப் பொம்பள ஏதோ பண்றா," என்றான் பாரி. "எதுக்கால ஒக்காந்துகிட்டு ஏதோ பண்றா. ஜாட காட்டறாளா?"

வாசுகி சற்றுத் தயங்கினாள். "ஆமா."

"ஆகா!" பாரி மண்டியிட்டு எழுந்தான். "அப்ப அந்தாளுக்கு தேங்கா பாக்கவே தெரியாது!"

"இல்ல. அவர மாதிரி பாக்கறவங்க இந்த ஊர்லயே கெடையாது," என்றாள் வாசுகி. அவள் குரல் லேசாக உடைந்தது.

"அக்கா, போங்கு ஆடாத. ஆமா, இல்ல, அவ்ளோதான்."

இன்னும் இரண்டு கேள்வி போதும், பாரி பிடித்துவிடுவான். தனக்கோடிக்கு அது தெரிந்தது. ஏதாவது கேட்டுத் திசை திருப்ப வேண்டும். "வெயில்ல போட்டு வச்சிருந்த தேங்காயா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் காத்தவராயன் அவர் முதுகில் ஒன்று வைத்தார். "மறுபடியும் வெயிலு! இவன் மண்டைக்குள்ளதாண்டா வெயிலு!"

வாசுகி சிரிக்கவில்லை. இப்போது நேராக அவரைப் பார்த்தாள். "இல்லண்ணே," என்றாள்.

அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து? எவ்வளவு? அதைக் கேட்டே ஆக வேண்டும்போல் இருந்தது அவருக்கு. கேட்கிற வழியும் இந்த ஆட்டத்தில்தான் இருந்தது.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"என்னாத்த தெரியுமா? கேள்விய முழுசா கேளுய்யா," என்றார் காத்தவராயன்.

"ஆமா," என்றாள் வாசுகி.

"ரொம்ப நாளாவா?"

"ஆமா."

"அவரு பாக்கறாருன்னு தெரிஞ்சேதான்..." அவர் அவள் கையைப் பார்த்தார். "வேணும்னேதான் கைய நீட்னாங்களா?"

"கையா? கதையில கை எங்க மாமா வந்துது?" என்றான் பாரி.

"ஆமா," என்றாள் வாசுகி. "ஆமாண்ணே."

பத்து மாசமாகத் திருடுகிறோம் என்று நினைத்து இந்த மனுசன் குன்றிப்போய்க் கிடந்தாரே! அவள் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை, தெரிந்தே, கையை நீட்டியும் மடக்கியும், முகத்தில் ஒன்றும் காட்டாமல். திருட்டு என்றாலாவது அது அவருடைய சாமர்த்தியம். இதை என்ன சொல்வது? அவமானமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. பாரியும் காத்தவராயனும் பார்த்துக்கொண்டிருந்ததால் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

"அந்தம்மா வெளிய யாருகிட்டயாவது சொல்லிடுவாங்களா?"

வாசுகி சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இல்ல."

"அவரே போயி சொல்லணும்னு நெனைக்கறாங்களா?"

"ஆமா."

பாரிக்குப் பொறுக்கவில்லை. "என்னா மாமா, பொண்டாட்டி என்னா நெனைக்கறான்னு கேட்டு என்னா பண்ணப் போற? ஏன் அழுவல் குடுத்தாருன்னு கேளு!"

தனக்கோடி பாட்டில் மூடியைத் திருகினார். "அவருக்குக் காது கேக்கல," என்றார். "தட்னா சத்தம் வரல. பொண்டாட்டி மூஞ்சியோ கையோ பாத்துதான் நல்லது கெட்டது தெரிஞ்சிகிட்டாரு. அன்னிக்கி அவ இல்ல."

 பாரி துள்ளிக் குதித்து அவரைக் கட்டிக்கொண்டான். "மாமா! கண்டுபுடிச்சிட்டாருய்யா! எட்டு மாசத்துல மொத மொற!" கிளேஸ் வெள்ளையெல்லாம் அவர் சட்டையில் அப்பிக்கொண்டது.

"காதுக்காரனாச்சே!" என்றார் காத்தவராயன். "காதப் பத்தின புதிர இவன உட்டா எவன் அவுப்பான்? அது சரி, காதே கேக்காதவன் தெனம் தேங்காயத் தட்டி டொக்கு டொக்குன்னு ஊர ஏமாத்திருக்கறான் பாரு. என்னா நெஞ்சழுத்தம்!"

"செவிட்டுப் பயலுக்கு எகத்தாளத்தப் பாரு," என்று பாரி விழுந்து விழுந்து சிரித்தான்.

தனக்கோடியும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைக் காதுக்காரர் என்று நம்பிவிட்ட பிறகு யாருக்குத்தான் உறைக்கும்?

வாசுகி டப்பாக்களைச் சேர்த்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தனக்கோடி பின்னாலேயே போய் நின்றார். அவள் குழாயைத் திறக்காமல், அவருக்குத் தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"நேரா கேக்க வாய் வரலண்ணே. ஒங்களப் போயி எப்பிடிக் கேக்கறது?"

"எப்பலேர்ந்தும்மா?"

"ஆடி கடேசியிலேயே. என் கையையே பாத்துகிட்டு இருந்தீங்க. மொதல்ல வேற மாதிரி நெனச்சிட்டேன், மன்னிச்சிக்கங்க. அப்பறந்தான் புரிஞ்சிது. நான் இருக்கறவரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "புதன்கெழம ஒரு பெட்டியில எண்ணிக்க கொறையுதுன்னு பிரிச்சேன். மேல் அடுக்குல தட்டனேன். ஆறுக்கு ரெண்டு டொக்கு. எனுக்கு நெஞ்சே நின்னுபோச்சி. டேப் ஒட்டின மத்தத நான் எந்த சாக்குல பிரிக்கறது? லாரி நாலு மணிக்கு வருது. எந்த வூட்டுல எந்தப் புள்ள பியூஸப் புடுங்கப் போவுதோ?"

"நான் சொல்லாம வுட்டா?"

"தெரியலண்ணே. ஒங்கள மாட்டி வுட என்னால ஆவாது. அத நெனச்சித்தான் நேத்தெல்லாம் அழுதேன்."

 அவர் அவள் கையிலிருந்து காத்தவராயன் டப்பாவை வாங்கி, குழாயைத் திறந்து, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

முதலாளி கோகுலகிருஷ்ணன் முப்பத்தைந்து வயசு. அவன் அப்பா காலத்திலிருந்தே தனக்கோடி இருக்கிறார். அதனால் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். போன் பேசிக்கொண்டிருந்தவன் கையால் உட்காரச் சொன்னான். அவர் உட்காரவில்லை.

"தம்பி, செவ்வாக்கெழம பெட்டி பதினெட்டும் போவக் கூடாது. நான் சரியா பாக்கல."

"என்னாண்ணே சொல்றீங்க? நீங்களா?"

"எனுக்கு அந்த சத்தம் கேக்கறதில்ல. பத்து மாசமாச்சி."

கோகுலகிருஷ்ணன் போனை மேஜையில் வைத்தான். எதையோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, திடீரென்று குரலை உயர்த்தி, "கேக்குதா? நான் பேசறது கேக்குதாண்ணே?" என்று கத்தினான். வெளியே வராந்தாவில் கணக்கெழுதுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"கேக்குதுங்க தம்பி. கத்த வேணாம்," என்றார் தனக்கோடி. பத்து மாசமாக அவர் எதற்குப் பயந்தாரோ அது ஆரம்பித்துவிட்டது.

பெட்டிகளை இறக்கிப் பிரித்தார்கள். லாரிக்காரன் காத்திருந்தான். வாசுகி அவர் கம்பியை எடுத்துக்கொண்டு அவர் இடத்தில் உட்கார்ந்து தட்டினாள். சூளைக்காரர், கிளேஸ் ஆட்கள், கணக்குப் பெண் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு 'டொக்'குக்கும் எல்லார் முகமும் சுருங்கியது. தனக்கோடி அந்த முகங்களைப் பார்த்துத்தான் எண்ணிக்கொண்டார். எழுபத்தி மூன்று. இருபத்தி மூன்று வருசம் ஒன்றும் வராத மனுசனுக்கு ஒரே நாளில் எழுபத்தி மூன்று.

பாரி சுவரோரம் நின்றான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. செவிட்டுப் பயல் என்று சொன்னது ஞாபகத்துக்கு வந்திருக்கும். தனக்கோடி அவனைப் பார்த்துப் பரவாயில்லை என்று கையசைத்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

முதலாளி நல்ல மனுசன்தான். வேலையை விட்டு நிறுத்தவில்லை. சம்பளத்திலும் கை வைக்கவில்லை. சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகச் சொன்னான். "அண்ணே, பால் மில்லுல ஒரு ஆளும் நிலைக்க மாட்டேங்கறான். சத்தம் தாங்கலன்னு ஓடிப்போயிடறானுங்க. நீங்க அங்க நில்லுங்க. ஒங்களுக்குத்தான் சத்தம் ஒண்ணும் பண்ணாதே."

உபகாரம் செய்கிறோம் என்று மனசார நம்பித்தான் சொன்னான். தனக்கோடி, "சரிங்க தம்பி," என்றார்.

பால் மில் என்றால் குடிக்கிற பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கல்லும் களிமண்ணும் போட்டு அரைக்கிற பெரிய இரும்பு உருளை. தனிக் கொட்டகையில் ஓடும். உள்ளே கூழாங்கல் உருண்டு உருண்டு பாதாளமே புரள்கிற மாதிரி இரையும். அங்கே நின்றால் பக்கத்தில் இருக்கிறவன் அலறினாலும் கேட்காது. காலையில் போட்டால் சாயங்காலம்தான் நிறுத்துவார்கள். மற்ற மெஷின்போல ஒரு மணிக்கு நிற்காது, இடையில் விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்திருக்க முடியாது. கொட்டகை வாசலிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து உருளையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு அப்படித்தான் சாப்பிட்டார். எட்டத்தில் புங்கமரத்தடி தெரிந்தது. பாரி கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். காத்தவராயன் தொடையில் தட்டினார். வாசுகி உட்காருகிற இடத்தில் அந்தப் புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். என்ன புதிரோ. குடிச்சிருந்தானா என்று கேட்டிருப்பார் என்று இவராகவே நினைத்துக்கொண்டார். எழுந்து ஓடிவிடலாமா என்று வந்தது. உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பாரி எழுந்து இவர் பக்கம் வந்தான். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அவன் இவரிடம் வருவது அதுதான் முதல் முறை.  தனக்கோடி ஸ்டூலை விட்டு எழுந்து, வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார். பாரி கொட்டகை வாசலில் நின்று ஏதோ கேட்டான். இவர் காதைச் சாய்த்தார். அவன் இன்னும் கிட்டே வந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான். கை மறைத்ததில் உதடும் தெரியவில்லை. இவர் அவன் கையை விலக்கிவிட்டு, திரும்பச் சொல்லுடா என்று சைகை செய்தார். அவன் திரும்பச் சொன்னான். புரியவில்லை. மூன்றாவது தடவை அவன் வாயைத் திறந்தான், மூடினான், பிறகு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டி, அவர் தோளை ரொம்ப மெதுவாக, காய்ச்சல்காரரைத் தொடுகிற மாதிரித் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

கிண்டலாக ஏதாவது கேட்டானா, மன்னிப்புக் கேட்டானா, இல்லை சும்மா ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டானா, தனக்கோடிக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவன் வரவில்லை.